வெள்ளையாக வரவேண்டிய இலை

அவளை அங்கே எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் ஒரு நாளும் சிஸ்டராக இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று வருஷம் வார்டு ஆயாவாக இருந்தவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவது, முதுகு துடைப்பது, புண்ணுக்கு மருந்து கட்டும் நர்சுக்குத் தட்டு ஏந்துவது, யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள், எவ்வளவு வெளியே போனது என்று அட்டையில் குறிப்பது, இவைதான் அவள் வேலை. இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், இனிமேல் ஆளைத் தூக்கக் கூடாது என்று அதே ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்ட பிறகு, நாற்பத்துநான்காம் வயதில் இந்த ஆராய்ச்சி நிலையத்துக் கண்ணாடிக்கூடத்தில் செடி பார்க்கிற வேலைக்கு வந்தாள். வந்த முதல் நாளே ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு நேத்து தண்ணி இறங்கலையே" என்றாள். "சிஸ்டர் நாடி பிடிச்சுப் பாத்துட்டாங்கப்பா" என்று யாரோ கேலி செய்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கிடைக்காத பதவி உயர்வு நெல்லுக்கு நடுவில் கிடைத்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எட்டு வருஷமாக அந்த வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. நீளமான கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாலு வரிசை இரும்பு மேசை. மேசை நிறையத் தொட்டி, தொட்டிக்கு ஒரு குச்சி, குச்சியில் ஓர் எண். கோடியில் மண் கலக்கிற அறை. அங்கே மண் மூட்டைகள், ஒரு பெரிய மேஜை, சுவரில் ஓயாமல் சுற்றும் ஒரு விசிறி. செடியோடு பேசுகிற பழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. பேசினால் நன்றாக வளருமாமே என்று ஒருத்தர் கேட்டதற்கு, "தண்ணி ஊத்தினா இன்னும் நல்லா வளரும்" என்றாள். காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. ஊற்றியதும் பதிவேட்டில் தொட்டி எண்ணுக்கு நேரே ஒரு டிக். ஊற்றாமல் டிக் போட்டதில்லை. டிக் போடாமல் டீ குடித்ததில்லை.

நெல்லைப் பட்டினி போடுவதற்கென்றே ஒரு பெண் அங்கே இருந்தாள். முப்பத்தொரு வயது. ஐந்து வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. பட்டம் இன்னும் கைக்கு வராததால் அவளுக்கு அரை டாக்டர் என்று பேர். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "அரை இல்லீங்க, முக்காலாயிடுச்சு" என்பாள். அவள் முதல்முதலாகத் தொட்டிகளுக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னபோது சிஸ்டர் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, பச்சப் புள்ள மாதிரி வளத்துக் குடுத்தா, காயப்போட்டுக் கொல்லச் சொல்ற?"

"கொல்ல இல்ல சிஸ்டர், தாகம் எடுக்க வைக்கிறேன். நெல்லுக்குள்ள ஆயிரக்கணக்குல மரபணு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு சுவிட்சு மாதிரி ஒண்ணு. புரமோட்டர்னு சொல்வோம். சிலது எப்பவும் போட்டபடியே இருக்கும். சிலது தண்ணி இல்லாம தவிச்சாலோ, மண்ணுல உப்பு ஏறினாலோ மட்டும்தான் விழும். எனக்கு அப்படி ஒரு சுவிட்சு வேணும்."

"எப்பவும் போட்டே இருந்தா என்ன குடி முழுகிப்போச்சு?"

"முழுகிடும் சிஸ்டர். செடி சாப்பிடறதெல்லாம் அதுக்கே செலவாயிடும். குட்டையா நின்னுடும், கதிர் ஒழுங்கா வராது. கஷ்டம் வர்றப்ப மட்டும் வேலை செய்யணும்."

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தாள். "வார்டுல கட்டிலுக்குக் கட்டில் மணி இருக்கும். வலி வந்தா அமுக்குன்னு சொல்லிக் குடுத்திருக்கும். ஒருத்தர் சும்மா சும்மா அமுக்கினா நர்சு செத்தா. அந்தக் கதையா?"

"அதே கதைதான்!" என்று அரை டாக்டர் குதித்தாள். அடுத்த வாரம் பெரியவர்கள் முன்னால் பேசவேண்டிய கூட்டத்தில் அந்த மணியையே உதாரணமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினாள். அதற்குப் பங்காக சிஸ்டருக்கு ஒரு டீ.

சுவிட்சு விழுந்ததா இல்லையா என்று கண்ணால் எப்படிப் பார்ப்பது? அதற்கும் ஒரு வழி இருந்தது. அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் நீல நிறம் தருகிற மரபணு ஒன்றைக் கோத்து, நெல்லுக்குள் ஏற்றியிருந்தாள். இலைத்துண்டை ஒரு மருந்து நீரில் போட்டு உடம்புச் சூட்டில் மறுநாள் வரை ஊறவைக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட்டில் பச்சையைக் கழுவி எடுத்தால், சுவிட்சு விழுந்த இலை மைக்கூட்டில் விழுந்ததுபோல நீலமாக வரும். விழாத இலை காகிதம்போல வெள்ளையாக வரும். காய்ந்த செடி நீலம், தண்ணீர் குடித்த செடி வெள்ளை. இப்படி வந்தால் ஜெயம்.

மூன்று வருஷத்தில் நாற்பது வரிசைச் செடிகளை, அதாவது நாற்பது விதை வம்சங்களைச் சோதித்து, தேறியது பதினேழாம் வரிசை ஒன்றுதான். தண்ணீர் விட்டு ஐந்து தொட்டி, விடாமல் ஐந்து தொட்டி என்று வைத்து இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. இரண்டு தடவையும் கண்ணாடிபோலத் தெளிவு. ஆனால் ஆய்வகத் தலைவருக்கு அது போதவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க உப்புத் தாங்கும் பயிர்களைப் பார்த்தவர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு உப்பு சார் என்று பேர். பேச்சிலும் உப்புக்குக் குறைவில்லை.

"பத்துத் தொட்டியில எல்லாமே நல்லாத்தான் வரும். அறுபது வை, பாக்கலாம்" என்றார்.

அறுபது வைத்தார்கள். முப்பதுக்குத் தண்ணீர் உண்டு, முப்பதுக்கு இல்லை. ஐந்தாம் நாள் காய்ந்த பக்கத்து இலைகள் குடை மடக்கியதுபோலச் சுருண்டன. தண்ணீர் குடித்த பக்கம் அகலமாக விரிந்து நின்றது. திங்கட்கிழமை இலை வெட்டினார்கள்.

வெட்டுவது சிஸ்டர்தான். அவள் கத்தரி பிடித்தால் கை ஆடாது. ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் நடுவில் கத்தரியை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள். வரிசையும் அவள் போட்டதே. நல்ல புண்ணை முதலில் கட்டு, சீழ் பிடித்ததைக் கடைசியில் கட்டு என்பது ஆஸ்பத்திரிப் பாடம். அதேபோல நல்ல செடிகளை முதலில் வெட்டி, காய்ந்ததைப் பிறகு வெட்டினாள். அரை டாக்டர் அதைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா எங்க சார்கூட பண்ண மாட்டார்" என்றிருந்தாள். வெட்டிய இலைகள் மண் கலக்கும் அறை மேஜையில், எண் எழுதிய வடிதாள் விரித்த தட்டில் வரிசையாகக் காத்திருக்கும். எல்லாம் முடிந்ததும் தட்டோடு ஆய்வகம் இருக்கிற பெரிய கட்டடத்துக்கு எடுத்துப் போவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கழுவிப் பார்த்தால் அறுபதும் நீலம்.

*

உப்பு சார் கண்ணாடிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். காய்ந்த செடியின் இலை நீலம், நியாயம். தண்ணீர் குடித்த செடியின் இலையும் நீலம், அநியாயம்.

"இந்த முப்பதுக்கும் தண்ணி போச்சா சிஸ்டர்?"

"போச்சு சார். ரெண்டு வேளையும்."

பதிவேட்டை நீட்டினாள். அவர் வாங்கவே இல்லை.

"டிக் அடிக்கப் பேனா இருந்தா போதும் சிஸ்டர்."

சிஸ்டர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இருபத்துமூன்று வருஷம் வார்டில் நின்ற முகம் அது. காதுமடல் மட்டும் சூடானது.

"ரெண்டுல ஒண்ணு" என்றார் அவர், அரை டாக்டரைப் பார்த்து. "சுவிட்சு ஒழுகுது. தாகம் இல்லாதப்பவும் விழுது. அப்படின்னா பதினேழாம் வரிசை குப்பை. வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் விதையோட ஆவிப்பெட்டியில போட்டு அழிச்சிடு. மரபணு ஏத்தின செடியைச் சும்மா வெளியில கொட்ட முடியாது. அந்த மேசை அடுத்த ஆளுக்கு வேணும். சுவிட்சு சரின்னா, செடிக்குத் தண்ணி போகல. அப்படின்னா செடி பாக்கிற ஆளை மாத்தணும். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகிற போக்கில் குழாய் சொட்டுவதைப் பார்த்து இறுக்கி மூடிவிட்டும் போனார்.

அரை டாக்டர் தொட்டி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள், உதடு வெளுத்திருந்தது. சிஸ்டர் தன் பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"முதல்ல இதைத் தின்னு. அப்புறம் அழு."

அவள் தின்றாள். அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. ஒரே ஒரு நாள்... ஏதாவது வேலையில மறந்திருப்பீங்களா? இடுப்பு வலின்னு சனிக்கிழமை சொன்னீங்களே. மறந்திருந்தா சொல்லுங்க. நான் சார்கிட்ட எப்படியாவது பேசறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"மறக்கல."

"மறந்திருந்தா வரிசை பிழைச்சிடும் சிஸ்டர்."

"அது எனக்கும் தெரியுதும்மா."

 ஒருத்தி பிழைத்தால் இன்னொருத்திக்கு இடமில்லை என்று ஒரு மனுஷன் அரை நிமிஷத்தில் ஆக்கிவிட்டுப் போய்விட்டார்.

*

வீட்டில் முன்னறை முழுக்க நாத்தனாரின் தையல் மிஷினும் துணிக்குவியலும். வீட்டுக்காரரின் தங்கை அவள். ஆறு வருஷத்துக்கு முன் மிஷினோடு வந்தவள், மிஷினோடே இருந்துவிட்டாள். மிஷின் நின்றாலும் வாய் நிற்காது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை செய்பவர். வீட்டுக்கு வந்தால் நகத்து மையைச் சுரண்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

சிஸ்டர் நடந்ததைச் சொன்னாள்.

மிஷின் நின்றது. "யாரு? எங்க அண்ணி தண்ணி ஊத்தலைன்னு எந்த மகராசன் சொன்னான்?"

"நீதான் தினம் சொல்றியே. ஜன்னல் செடி காஞ்சு கருவாடாக் கிடக்கு, ஊருக்கே தண்ணி ஊத்தறவ வீட்டுக்கு ஊத்தறாளான்னு."

"அது நான் சொல்லலாம் அண்ணி. அவன் யாரு சொல்றதுக்கு?"

வீட்டுக்காரர் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அந்தப் பொண்ணு தப்பிச்சுக்குமா?"

"தப்பிச்சுக்கும்னு அதுவே சொல்லுது."

"உன்னை?"

"வேற எங்கயாவது தூக்கிப் போடுவாங்க. கண்ணாடி கழுவற இடத்துக்கோ, இல்ல வீட்டுக்கோ."

"உனக்கும் இடுப்பு போயிட்டுத்தானே இருக்கு" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் நாத்தனார் அவரை ஒரு பார்வை பார்த்தாள், மனுஷன் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

சிஸ்டர் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு பொய். அதுவும் தன்னைத் தானே குறைத்துக்கொள்கிற பொய். ஊர் அதைப் புண்ணியக் கணக்கில்கூட வைத்துக்கொள்ளும். ஆனால் அவளுக்கு வார்டு ஞாபகம் வந்தது. காய்ச்சல் அளக்காமலே அட்டையில் ஏதோ ஒன்றை எழுதிவைத்த ஆயா ஒருத்தி இருந்தாள். டாக்டர் அதை நம்பி மருந்தை மாற்றினார். எழுதினவள் நல்ல மனசுக்காரிதான், நோயாளியை எழுப்ப வேண்டாம் என்று பார்த்தாள். அந்த நல்ல மனசால் நோயாளி நாலு நாள் அதிகம் அவதிப்பட்டார். இங்கேயும் அதே கதைதான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அந்தப் பெண் நம்பிக்கொண்டு அதே சோதனையை இன்னொரு முறை செய்வாள். இன்னொரு முறையும் நீலம் வரும். அப்போது யார் தலையில் போடுவது?

"சொல்லப்போறதில்ல" என்றாள்.

"யாரு சொல்லச் சொன்னா?" என்று நாத்தனார் மிஷினை மிதித்தாள். "சொன்னீங்கன்னா, இந்த வாசல்ல கால வைக்காதீங்க."

"இது என் வீடுடி."

"அதனாலதான் சொல்றேன்."

*

புதன்கிழமை காலை அரை டாக்டர் வாசலிலேயே காத்திருந்தாள். "சார்கிட்ட இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கேட்டு வாங்கியிருக்கேன் சிஸ்டர். இன்னைக்கு மறுபடி வெட்டறோம். நாளைக்குப் பாக்கறோம். அதுவும் நீலம்னா விட்டுடறேன். நேத்து உங்களைக் கேட்டது... மன்னிச்சுக்குங்க."

"கேட்டது தப்பில்ல. கேக்காம மனசுல வச்சிருந்தாதான் தப்பு. கையைக் கழுவிட்டு வா."

அரை டாக்டர் இந்த முறை ஒவ்வொரு தொட்டியிலும் விரலை விட்டு ஈரம் பார்த்தாள். தொட்டியைத் தூக்கி எடை பார்த்தாள். அதனால் வேலை ஆமை வேகம். சிஸ்டர் வழக்கம்போலவே ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கி, நல்ல செடிகளை வெட்டி, துடைத்து, வடிதாளில் வைத்து, துடைத்து, வெட்டிக்கொண்டு போனாள். முப்பதாவது இலையை வைக்க வந்தவள் கையைப் பாதியில் நிறுத்தினாள்.

தட்டின் முதல் மூலையில் இருந்த இலைகள் சுருண்டிருந்தன. நூல்போல, இறுக்கமாக.

"ஏம்மா, இது யாரோடது?"

"எது? அது ஒண்ணாம் நம்பர் சிஸ்டர். அடுத்தது ரெண்டு. ஏன்?"

"ஒண்ணாம் நம்பர் செடியைப் போய்ப் பாத்துட்டு வா."

அரை டாக்டர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "நல்லா விரிஞ்சு நிக்குதே. ஈரமாவும் இருக்கு."

"செடி விரிஞ்சு நிக்குது. இலை இங்க சுருண்டு கிடக்கு. தவிச்ச இலைதானே சுருளும்? நீதானே சொல்லிக்குடுத்த?"

அரை டாக்டர் தட்டைப் பார்த்தாள். சுவரில் சுற்றுகிற விசிறியைப் பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றாம் எண்ணை வெட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியே மண் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ" என்றாள். "ஐயோ சிஸ்டர். ஐயோ."

"என்னம்மா? மயக்கமா? தலையைக் கீழ குனி."

"மயக்கமில்ல. வெட்டின இலைக்கு வேர் ஏது? தண்ணி எங்கிருந்து வரும்? தாகம் எடுக்க வைக்கணும்னா நாங்களே இதைத்தான் பண்ணுவோம், இலையை வெட்டி வடிதாள்ல காயப்போடுவோம்! நானே நாலு தடவை பண்ணியிருக்கேன், என் ஆய்வேட்டுல ரெண்டாவது அத்தியாயத்துல எழுதியே வச்சிருக்கேன்!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "செடிக்குத் தாகமில்ல சிஸ்டர். தட்டுல கிடந்த இலைக்குத்தான் தாகம். அதுல சுவிட்சு விழுந்துடுச்சு. ஒழுங்கா, சரியா, விழ வேண்டிய நேரத்துல விழுந்திருக்கு!"

"அப்ப முன்னாடி ரெண்டு தடவை ஏன் விழல?"

"அப்ப பத்தே தொட்டி. கால் மணி நேரத்துல முடிச்சோம். இப்ப அறுபது."

சிஸ்டர் கத்தரியை மேஜையில் வைத்தாள். யோசித்துப் பார்த்தால் கணக்கு நேராகவே வந்தது. நல்ல செடியை முதலில் வெட்டினோம். முதலில் வெட்டியது அதிக நேரம் கிடந்தது. அதிக நேரம் கிடந்தது அதிகம் காய்ந்தது. திங்கட்கிழமை காய்ந்த செடியின் இலைகளும் பக்கத்திலேயே சுருண்டு கிடந்ததால் அது கண்ணில் படவில்லை. காயக்கூடாத இலையைத்தான் இருவரும் பார்த்துப் பார்த்துக் காயவைத்திருக்கிறார்கள்.

"வரிசை போட்டது நான்தான்" என்றாள்.

"அதைத் தலையாட்டிப் பாராட்டினது நான்."

"சரி, பங்கு போட்டுக்கலாம். இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

அரை டாக்டர் எழுந்தாள். அவள் ஓடி அன்றுதான் சிஸ்டர் பார்த்தாள். பெரிய கட்டடத்துக்குப் போய், மருந்து நீர் ஊற்றிய குழாய்களை ஒரு மரத்தாங்கியில் அடுக்கி, சிந்தாமல் சுமந்து வந்தாள். தட்டில் சுருண்டு கிடந்த இலைகளை அப்படியே ஒரு தொகுதியாகக் குழாயில் போட்டார்கள், அது சாட்சிக்கு. பிறகு அதே முப்பது செடிகளிலிருந்தும் புதிதாக வெட்டி, கத்தரியிலிருந்து நேராகக் குழாய்க்குள் விட்டார்கள். வெட்டு, சொட்டென்று உள்ளே. வெட்டு, சொட்டென்று உள்ளே. காய்ந்த செடிகளையும் அப்படியே. விசிறியை சிஸ்டர் தானே போய் அணைத்தாள். வியர்த்துக் கொட்டியது. இருவரும் கவலைப்படவில்லை.

"நாளைக்கு வெள்ளையா வந்துடுமா?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"வரணும்."

"வரணும்னா என்ன அர்த்தம்? வருமா வராதா?"

"சிஸ்டர், நான் அரை டாக்டர்தான். அரைவாசிதான் சொல்ல முடியும்."

*

வியாழக்கிழமை காலை சிஸ்டர் முதல் தடவையாகப் பெரிய கட்டடத்து ஆய்வகத்துக்குள் போனாள். அதுவரை கதவுவரைதான் அவளுக்கு வேலை. மண் ஒட்டிய செருப்பை வெளியே விட்டுவிட்டு, கண்ணாடிக் குழாய் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.  ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு ரத்தச் சோதனை முடிவு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று ஒரு முடிவுக்குக் காத்து நின்றது இதுதான் முதல் முறை.

அரை டாக்டர் முதல் குழாயிலிருந்து பச்சை ஏறிய ஸ்பிரிட்டை வடித்தாள். புதிது ஊற்றினாள். மறுபடி வடித்தாள். மூன்றாவது கழுவலில் இலை நிறம் விட்டது. இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தாள்.

வெள்ளைத் தட்டில் வெள்ளை இலை. கண்ணுக்குப் பிடிபடவே ஒரு நொடி ஆனது.

"எங்க இருக்கு?" என்றாள் சிஸ்டர்.

"இதோ! தெரியலல்ல? தெரியக்கூடாது!"

பிறகு அரை டாக்டர் குனிந்து பார்த்து முகம் மாறினாள். "ஓரத்துல நீலம் இருக்கு சிஸ்டர்."

இருந்தது. கத்தரி பட்ட விளிம்பில் மட்டும், பேனாவால் இழுத்ததுபோல மெல்லிய ஒரு கோடு.

"வெட்டின இடம்தானே அது? வெட்டினா அதுக்கு வலிக்காதா?" என்றாள் சிஸ்டர்.

அரை டாக்டர் நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். "ஆமா. வெட்டுக்காயத்துல கொஞ்சம் வரத்தான் செய்யும். எல்லாருக்கும் வரும். நான்தான் பயந்து சாகிறேன்."

முப்பது குழாயையும் வடித்தார்கள். முப்பதும் வெள்ளை. காய்ந்த முப்பதும் நீலம். தட்டில் கிடந்து சுருண்ட சாட்சி இலைகளும் நீலம், முதலில் வெட்டியவை அடர்த்தியாக, கடைசியில் வெட்டியவை வெளிறலாக, ஏணிப்படிபோல இறங்கி வந்தன. அதைப் பார்த்துவிட்டு அரை டாக்டர் சிஸ்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டருக்கு அதெல்லாம் வழக்கமில்லை. ஆனாலும் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நெஞ்சில் பால் வார்த்தது மாதிரி என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.  ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உப்பு சார் வந்தார். தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஏணிப்படியை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

"யார் கண்டுபிடிச்சது?"

"சிஸ்டர்" என்றாள் அரை டாக்டர்.

"கண்டுபிடிச்சதும் நான்தான் சார், கெடுத்ததும் நான்தான்" என்றாள் சிஸ்டர், உட்கார்ந்தபடியே. "நல்லதை முதல்ல வெட்டணும்னு வரிசை வச்சது நான். ஆஸ்பத்திரிப் பழக்கம். ஆனா தண்ணி ஊத்தினேன். ரெண்டு வேளையும் ஊத்தினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறுபது வைன்னு சொன்னது நான். அறுபது இலை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்னு நான் கேக்கல. முப்பது வருஷமா இதைப் பண்றேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த டிக் விஷயம்... நான் சொன்னது தப்பு."

"ஆமா சார். தப்புதான்" என்றாள் சிஸ்டர்.

 "பரவாயில்ல சார்" என்று சொல்வாள் என்றுதான் அரை டாக்டர் எதிர்பார்த்தாள். உப்பு சாரும் அதற்குத்தான் காத்திருந்தார்போல. பிறகு அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. கொஞ்சம் இருமல் மாதிரி இருந்தது.

"சரி. வெள்ளிக்கிழமை அந்த மேசையை நான் கேக்கல" என்றார். "இன்னொரு அறுபது வையுங்க. இந்தத் தடவை எழுதும்போது, இலை வெட்டினதுலயிருந்து குழாய்க்குள்ள விழற வரைக்கும் எத்தனை நொடின்னு எழுது. அதை எழுதாத கட்டுரையை நான் இனிமே நம்பப் போறதில்ல. என் சொந்தக் கட்டுரை ஆறு இருக்கு, அதையும் சேத்துத்தான்." கதவருகில் திரும்பினார். "சிஸ்டர், இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. மதியச் சுத்துக்கு இந்தப் பொண்ணு ஊத்தட்டும்."

"இந்தப் பொண்ணா? தொட்டிக்கு எவ்வளவுன்னு இதுக்குத் தெரியாது சார்."

"அப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தாள். தொட்டிக்கு ஒரு குவளை, விளிம்பு ஓரமாக, இலைமேல் படாமல், ஊற்றிய பிறகு டிக். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடிட்டாள். அரை டாக்டர் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "முக்காலும் தாண்டிட்டேன் சிஸ்டர்" என்றாள்.

"முதல்ல சாப்பிடு. அப்புறம் மிச்சக் கால்."

*

நடுப்பகலில் வீடு வந்த அண்ணியைப் பார்த்ததும் நாத்தனார் மிஷினை விட்டு எழுந்தே விட்டாள். "அனுப்பிட்டாங்களா? நான் வந்து கேக்கறேன், வாங்க!"

"உக்காருடி. லீவு குடுத்திருக்காங்க. வெள்ளையா வந்துடுச்சு."

நாத்தனார் உட்காரவில்லை. கதை முழுவதையும் நின்றுகொண்டே கேட்டாள். சுருண்ட இலை, விசிறி, வரிசை, ஏணிப்படி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அப்ப தப்பு உங்களோடதுதான்."

"என்னோடதுதான்."

"ரெண்டு நாளா நான் அந்த சாரைத் திட்டாத திட்டு இல்ல. எல்லாம் வீணா?"

"பாதியை வச்சுக்கோ. டிக் விஷயத்துக்கு ஆகும்."

"தப்பு பண்ணினவங்க மூஞ்சியா இது? ஏதோ பரிசு வாங்கின மாதிரி இல்ல வந்திருக்கீங்க."

சிஸ்டர் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "செய்யாத தப்பை நான் எங்கன்னு போய்த் திருத்துவேன்? இது செஞ்ச தப்பு. எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. நாளையிலிருந்து குழாயைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வெட்டினா தீந்துது. இதைவிடச் சுலபமா எந்த வியாதி குணமாகும்?"

நாத்தனார் அடுப்படிக்குப் போனாள்.  சோறு போட்டுத் தட்டை நீட்டினாள். சிஸ்டர் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள். பிறகு துணிக்குவியலைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, இடுப்புக்கு ஒரு தலையணை கொடுத்து, பட்டப்பகலில் முன்னறையிலேயே படுத்தாள்.

"மிஷினை நிறுத்தட்டுமா அண்ணி?"

"ஓட்டு. உனக்கு இன்னைக்குக் குடுக்கவேண்டிய சட்டை இருக்கு."

"உங்களுக்குத் தூக்கம் வரணுமே?"

 நாத்தனார் எட்டிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மிஷினுக்குச் சரியாக ஈடுகொடுத்துக் குறட்டை வந்துகொண்டிருந்தது.